இரத்தம் சொல்லும் சாட்சி

முன்னுரை

"அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பாயசத்துக்கும் பணத்துக்கும் மட்டுமன்று, நாம் மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுக்கும் பிராணவாயுவுக்கும் இது பொருந்தும் என்றால் நம்புவீர்களா? பிராணவாயுவாகிய ஆக்சிஜன் இல்லாமல் நாம் சில நிமிடங்கள்கூட உயிர்வாழ இயலாது. ஆனால் அதே ஆக்சிஜனிலிருந்து உடலுக்குள் பிறக்கும் சில பொருள்கள் அளவு மீறினால், நம் உயிரணுக்களையே சிதைத்துவிடும்.

2020, 2021 ஆகிய ஆண்டுகளை நம்மில் யாரும் மறக்க இயலாது. பள்ளிக் கதவுகள் மூடிக் கிடந்தன. ஆக்சிஜன் சிலிண்டர் என்ற சொல் சிறு குழந்தைகளுக்கும் தெரிந்திருந்தது. அந்நாள்களில் பல வீடுகளில் வைட்டமின் மாத்திரைகளை வாங்கிச் சேர்த்து வைத்தார்கள். "இவை ஆன்ட்டி ஆக்சிடன்ட், இவற்றை விழுங்கினால் கொரோனா ஒன்றும் செய்யாது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த நம்பிக்கைக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஆனால் அந்த அடிப்படைக்கும் அந்த முடிவுக்கும் இடையே ஒரு பள்ளமும் இருந்தது. அந்தப் பள்ளம் எது, அறிவியல் அதை எவ்வாறு கண்டுகொண்டது என்பதை மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்வது நலம். அதுவே இக்கட்டுரையின் நோக்கம்.

பிராணவாயுவின் இரு முகங்கள்

வாழைப்பூவை நறுக்கியவுடன் அம்மா அதை ஏன் மோர் கலந்த நீரில் போடுகிறார்? வெளியே வைத்தால் கறுத்துவிடும் என்பதால்தான். நறுக்கிய கத்திரிக்காய் நிறம் மாறுவதும், நாள்பட்ட எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதும், இரும்பு ஆணி துருப்பிடிப்பதும் காற்றிலுள்ள ஆக்சிஜனின் வேலையே. இதனை ஆக்சிஜனேற்றம் என்கிறோம். நாம் உண்ணும் உணவு உடலுக்குள் மெல்ல எரிந்து நமக்குச் சக்தி தருவதும் ஒருவகை ஆக்சிஜனேற்றமே. ஆகவே இது நமக்கு நண்பன். எல்லை மீறினால் பகைவன்.

1774-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டின் ஜோசப் பிரீஸ்ட்லி இந்த வாயுவைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்தார். அதில் மெழுகுவத்தி மிகுந்த ஒளியுடன் எரிவதைக் கண்டார். நோயாளிகளுக்கு இது நல்ல மருந்தாகலாம் என்று எண்ணிய அவருக்கே ஓர் ஐயமும் எழுந்தது. மெழுகுவத்தி இதில் விரைவாக எரிந்து தீர்வதுபோல, நாமும் இதையே சுவாசித்தால் விரைவாகத் தீர்ந்துபோவோமோ என்று அவர் எழுதிவைத்தார்.

அந்த ஐயத்துக்கு விடை தந்தவர்களுள் ஒரு பெண்மணியும் உண்டு என்பது நமக்குப் பெருமை. ஆர்ஜென்டினா நாட்டில் பிறந்த ரெபெக்கா கெர்ஷ்மன் என்பவர் அமெரிக்காவிலுள்ள ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். எக்ஸ் கதிர்கள் உடலுக்குச் செய்யும் தீங்கும், மிகுதியான ஆக்சிஜன் செய்யும் தீங்கும் ஒரே வழியில்தான் நிகழ்கின்றன என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் 1954-இல் அறிவித்தனர். அந்த வழி எது? ஃப்ரீ ராடிக்கல் எனப்படும் மூலக்கூறுகளே.

இதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களை முறைப்படி பெற்றுக்கொண்டால் தண்ணீராக மாறிவிடுகிறது. நம் உயிரணுக்களில் பெரும்பாலும் நடப்பது இதுவே. சிற்சில வேளைகளில் ஒரே ஓர் எலெக்ட்ரானை மட்டும் பெற்றுக்கொண்டு அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. அப்போது அதற்கு சூப்பராக்சைடு என்று பெயர். இணை இல்லாத எலெக்ட்ரானைத் தாங்கி நிற்கும் இத்தகைய மூலக்கூறுகள் அமைதியாக இருப்பதில்லை. பக்கத்திலுள்ள கொழுப்பு, புரதம், மரபுப் பொருளாகிய டி.என்.ஏ. ஆகியவற்றோடு மோதி அவற்றைப் பழுதாக்கும்.

நம்முள் நிற்கும் காவலர்கள்

திருடன் உள்ள ஊரில் காவலரும் இருக்கத்தானே வேண்டும்? 1969-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டு, இர்வின் ஃப்ரிடோவிச் என்ற இருவர் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் பணியைக் கண்டறிந்தனர். சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவதே அதன் வேலை. ஹைட்ரஜன் பெராக்சைடும் தீங்கானதே. அதைத் தண்ணீராக மாற்றக் கேட்டலேஸ், குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் என்னும் வேறு இரண்டு நொதிகள் காத்திருக்கின்றன.

குளுட்டாதையோன் என்பது மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறிய பொருள். நம் உயிரணுக்கள் தாமே அதைத் தயாரித்துக்கொள்கின்றன. காவலர் கையிலுள்ள தடி போன்றது அது. குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் நொதி வேலை செய்ய செலீனியம் என்ற தனிமமும் மிகச் சிறிதளவு வேண்டும் என்பது 1973-இல் தெரியவந்தது. பழங்களிலுள்ள வைட்டமின் சி, எண்ணெய் வித்துகளிலுள்ள வைட்டமின் ஈ ஆகியனவும் இந்தக் காவல் பணிக்குத் துணை நிற்கின்றன.

இக்காவலரை நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே காணலாம். ஆசிரியை உடனிருக்க, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கரைசலில் சில துளிகளைப் பச்சை உருளைக்கிழங்குத் துண்டின்மேல் விடுங்கள். நுரை பொங்கி எழும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் எழும் நுரை அது. நன்கு வேகவைத்த உருளைக்கிழங்கின்மேல் அதே கரைசலை விட்டால் நுரை எழாது. வெப்பத்தால் நொதி அழிந்துவிட்டது. காவலர் இல்லை, ஆகவே பெராக்சைடு அப்படியே நிற்கிறது.

தாக்கும் பொருள்கள் பெருகிக் காவலர் குறைந்துபோகும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். ஜெர்மன் அறிஞர் ஹெல்முட் சீஸ் 1985-இல் இந்தக் கருத்தை வகுத்துரைத்தார். இதனை இரத்த அழுத்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டி அளக்கிறோம். இதையோ இரத்தத்தை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் பலவித இரசாயனச் சோதனைகள் செய்துதான் அறிய முடியும்.

வைரஸ் புகுந்தபோது நடந்தது என்ன?

2019 டிசம்பரில் சீனாவின் வூஹான் நகரில் புதிய நோய் ஒன்று கண்டறியப்பட்டது. அதற்குக் கோவிட்-19 என்ற பெயரை உலக சுகாதார நிறுவனம் 2020 பிப்ரவரி 11 அன்று சூட்டியது. இந்த வைரஸ் நம் உயிரணுக்களின் மேலுள்ள ஏ.சி.ஈ. 2 என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு உள்ளே நுழைகிறது. பூட்டும் சாவியும் பொருந்துவது போன்ற நிகழ்ச்சி அது.

அந்த ஏ.சி.ஈ. 2 நமக்காக ஒரு நல்ல வேலையையும் செய்துவந்தது. ஆஞ்சியோடென்சின் 2 என்ற பொருளை அது உடைத்துத் தணிக்கும். ஆஞ்சியோடென்சின் 2 இரத்தக் குழாய்களைச் சுருக்குவதோடு, அவற்றின் சுவரில் சூப்பராக்சைடு உண்டாக்கும் நொதியையும் தூண்டிவிடக் கூடியது. வைரஸ் பற்றிக்கொண்டதால் ஏ.சி.ஈ. 2 குறையும்போது, இந்தத் தூண்டுதல் கட்டுப்பாடின்றிப் பெருகக்கூடும் என அறிஞர் கருதுகின்றனர்.

இன்னொரு காரணம் நம் வெள்ளணுக்கள். கிருமியைக் கண்டவுடன் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் வேண்டுமென்றே சூப்பராக்சைடை உற்பத்தி செய்கின்றன. அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. கிணற்று நீரில் பிளீச்சிங் பவுடர் கரைக்கும்போது கிருமிகளைக் கொல்லும் பொருளும் இதுவேதான். நம் உடலுக்குள்ளேயே ஒரு பிளீச்சிங் பவுடர் தொழிற்சாலை இருக்கிறது எனலாம்.

இந்த ஆயுதம் தேவையற்றது என்று எண்ணிவிடாதீர்கள். சூப்பராக்சைடு உண்டாக்கும் அந்த நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகள் சிலர் உண்டு. அவர்களுக்குப் பாக்டீரியாவும் பூஞ்சையும் அடுத்தடுத்துத் தொற்றி, உயிருக்கே ஆபத்தாகிறது. ஆகவே இது நமக்கு வேண்டிய ஆயுதம்தான். ஆனால் கடுமையான கோவிட் நோயில் வெள்ளணுக்கள் நுரையீரலில் கூட்டமாகத் திரண்டு, நிறுத்தத் தெரியாமல் சுட்டுக்கொண்டே இருக்கின்றன. எதிரியோடு வீட்டுச் சுவரும் இடிந்து விழுகிறது.

இரத்தத்தில் தேடும் சாட்சிகள்

சூப்பராக்சைடு நொடியினும் குறைந்த நேரமே இருந்து மறைந்துவிடும். மருத்துவமனையில் இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடம் சேர்வதற்குள் அது இராது. திருடன் ஓடிய பிறகு, அவன் விட்டுச்சென்ற காலடித் தடத்தையும் உடைந்த பூட்டையும் கொண்டு களவை அறிவதுபோல, அது உண்டாக்கிய சேதத்தைக் கொண்டே அதை அறிய வேண்டும். இத்தகைய சாட்சிப் பொருள்களைக் குறிகாட்டிகள் என்கிறோம்.

முதலாவது, மாலோன்டை ஆல்டிஹைடு. உயிரணுச் சவ்வின் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடையும்போது உண்டாவது. எண்ணெயில் சிக்கு வாடை பிறப்பதற்கு ஒப்பான மாற்றமே இங்கும் நிகழ்கிறது. தயோபார்பிட்யூரிக் அமிலத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு சேதம் என்று கணக்கிடுவர்.

இரண்டாவது, ஐசோப்ரோஸ்டேன்கள். இவையும் கொழுப்பின் சேதத்தால் வருபவை. முன்னதைவிட நம்பகமான சாட்சிகள்; ஆனால் அளக்க விலை உயர்ந்த கருவிகள் வேண்டும்.

மூன்றாவது, புரதங்களில் தோன்றும் கார்போனைல் தொகுதிகளும், டி.என்.ஏ. பழுதைக் காட்டும் எட்டு-ஹைட்ராக்சி-டிஆக்சிகுவானோசினும். பெயர் நீளமானது, பொருள் எளிது. பழுதான டி.என்.ஏ.வை உடல் வெட்டியெறிந்து சீர்செய்யும்போது வெளிவரும் துண்டே அது.

நான்காவது, காவலரின் நிலை. குளுட்டாதையோன் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, செலீனியம் எவ்வளவு, நொதிகள் சுறுசுறுப்பாக உள்ளனவா என்று பார்ப்பர்.

மருத்துவமனைகளில் கண்டது

இத்தாலி நாட்டின் ரோம் நகரில் 2020-இல் மருத்துவமனையில் சேர்ந்த 182 கோவிட் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். வெள்ளணுக்களில் சூப்பராக்சைடு உண்டாக்கும் நொதி எவ்வளவு கிளர்ந்துள்ளது என்பதைக் காட்டும் ஒரு பொருளை அளந்தனர். நோய் கடுமையாக இருந்தவர்களுக்கு அது மற்றவர்களைவிட உயர்ந்திருந்தது. இரத்தம் உறைந்து குழாய் அடைபட்டவர்களிடமும் அது உயர்ந்தே காணப்பட்டது.

ஜெர்மனியில் அதே ஆண்டில் 33 நோயாளிகளிடம் அடுத்தடுத்து எடுத்த 166 இரத்த மாதிரிகளில் செலீனியத்தை அளந்தனர். பிழைத்தவர்களின் மாதிரிகளில் லிட்டருக்குச் சராசரி 53.3 மைக்ரோகிராம், இறந்தவர்களின் மாதிரிகளில் 40.8 மைக்ரோகிராம். பிழைத்தவர்களுக்கு நாளுக்கு நாள் அளவு ஏறியது, இறந்தவர்களுக்கு ஏறவில்லை.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் மருத்துவமனையில் சேர்ந்த 60 பேரைச் சோதித்தனர். குளுட்டாதையோன் மிகவும் குறைந்திருந்தது. கொழுப்புச் சேதத்தின் குறிகாட்டிகள் மிகவும் உயர்ந்திருந்தன. முதுமையில் இவ்வாறு இருப்பது புதிதன்று. ஆனால் 21 முதல் 40 வயது வரையுள்ள இளைஞர்களிடமும் இது காணப்பட்டதே வியப்பு.

ஆக, கடுமையான நோயுள்ளவர் இரத்தத்தில் தாக்கும் பொருள்களின் தடயம் அதிகம், காவலர் குறைவு. இது உண்மை. இனி இதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்? "அப்படியானால் காவலரை ஊசியாகவும் மாத்திரையாகவும் அனுப்பினால் நோயாளி பிழைத்துவிடுவார்" என்றுதானே தோன்றுகிறது? இங்கேதான் நாம் முன்பு சொன்ன பள்ளம் இருக்கிறது.

சாட்சி வேறு, குற்றவாளி வேறு

அடுப்படியிலிருந்து புகை வருகிறது. புகை அதிகமானால் நெருப்பும் பெரிது என்று அறிகிறோம். புகை கண்ணுக்கும் மூச்சுக்கும் தீங்கானதே. ஆயினும் விசிறி எடுத்துப் புகையை விரட்டினால் நெருப்பு அணைந்துவிடுமா? காய்ச்சலைத் தெர்மாமீட்டர் காட்டுகிறது. தெர்மாமீட்டரைக் குளிர்ந்த நீரில் நனைத்தால் காய்ச்சல் தணியுமா? ஒரு குறிகாட்டி நோயோடு சேர்ந்து உயர்கிறது என்பதனால் மட்டும், அதைக் குறைத்தால் நோய் குறையும் என்று சொல்லிவிட முடியாது.

மேலும் ஒரு சிக்கல் உண்டு. முதுமை, நீரிழிவு, புகைபிடித்தல், உடற்பருமன் ஆகிய ஒவ்வொன்றும் தாமாகவே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை உயர்த்தும். அதே முதுமையும் நீரிழிவும் கோவிட் நோயையும் கடுமையாக்கும். ஆகவே இரண்டும் சேர்ந்து தோன்றுவதற்கு இரண்டுக்கும் பொதுவான வேறொரு காரணம் இருக்கலாம். செலீனியமும் அப்படியே. கடுமையான அழற்சி ஏற்பட்டாலே அதன் அளவு இரத்தத்தில் குறையும். அது குறைந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் அது குறைந்ததா என்பதை வெறும் அளவீட்டால் பிரித்தறிய இயலாது.

அளவீட்டிலும் தடைகள் உள்ளன. இரத்தத்தை எடுத்தபின் தாமதமானாலும் குளிரில் வைக்கத் தவறினாலும் குழாய்க்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் நடந்துவிடும். இளஞ்சிவப்புச் சோதனையில் வேறு பொருள்களும் அதே நிறத்தைத் தந்து ஏமாற்றலாம். ஓர் ஆய்வுக்கூடத்தின் எண்ணை மற்றோர் ஆய்வுக்கூடத்தின் எண்ணோடு அப்படியே ஒப்பிட முடிவதில்லை. இக்காரணங்களால்தான் மருத்துவர்கள் படுக்கையருகில் சி-ரியாக்டிவ் புரதம், டி-டைமர் போன்ற சோதனைகளையும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் நம்பினார்கள். அந்த ஆக்சிமீட்டருக்கு 1974-இல் வழிகண்டவர் ஜப்பான் நாட்டுப் பொறியாளர் டகுவோ அயோயாகி. தம் கருவி உலகமெங்கும் உயிர்களைக் காத்துக்கொண்டிருந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். அக்கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் நிறைந்துள்ள அளவைக் காட்டுவது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் காட்டுவதன்று என்பதை நினைவில் கொள்க.

சோதனை தந்த தீர்ப்பு

ஒரு மருந்து உண்மையில் பயன் தருகிறதா என்று அறிய ஒரு நேர்மையான வழி உண்டு. நோயாளிகளைப் பூவா தலையா போட்டுப் பார்ப்பதுபோல, யாருடைய விருப்பமும் கலவாமல் இரண்டு குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு மருந்து. மற்றதற்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இவ்வாறு பிரித்தால் முதியவரும் இளையவரும், நீரிழிவு உள்ளவரும் இல்லாதவரும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக அமைவர். பிறகு வேறுபாடு தோன்றினால் அது மருந்தினால் வந்தது என்று துணிந்து கூறலாம்.

பிரேசில் நாட்டில் கடுமையான கோவிட் நோயாளிகள் 135 பேரை இவ்வாறு பிரித்துச் சோதித்தனர். ஒரு குழுவுக்கு அசிட்டைல் சிஸ்டீன் என்ற மருந்தை மிகுந்த அளவில் செலுத்தினர். உடல் இதைக் கொண்டு குளுட்டாதையோனைத் தயாரித்துக்கொள்ளும். முடிவு என்ன? செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்பட்டவர்கள் மருந்து பெற்ற குழுவில் 20.6 சதவீதம், பெறாத குழுவில் 23.9 சதவீதம். இது பொருட்படுத்தத்தக்க வேறுபாடு அன்று. ஆகவே பயன் எதுவும் காணப்படவில்லை.

வைட்டமின் சி-க்கு இன்னும் பெரிய சோதனை நடந்தது. நான்கு கண்டங்களில் 2020 ஜூலை முதல் 2022 ஜூலை வரை 2,590 நோயாளிகளிடம் நடத்திய இரண்டு சோதனைகளின் முடிவு 2023-இல் வெளியாயிற்று. ஆபத்தான நிலையில் இருந்தவர்களுள் வைட்டமின் சி ஊசி பெற்றோரில் 61.9 சதவீதத்தினர் பிழைத்து வீடு திரும்பினர். பெறாதவரில் 64.6 சதவீதத்தினர் திரும்பினர். பயன் இல்லை என்பதோடு, தீங்கு நேரக்கூடுமோ என்ற ஐயமும் எழுந்ததால் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? அறிஞர்கள் பல காரணங்களை எண்ணிப் பார்க்கின்றனர். மருத்துவமனைக்கு வரும் வேளையில் சேதம் முன்பே நடந்து முடிந்திருக்கலாம். ஊசியில் ஏற்றிய மருந்து, உயிரணுவின் உள்ளே தேவையான மூலைக்குப் போய்ச் சேராதிருக்கலாம். கிருமியைக் கொல்ல வேண்டிய ஆயுதத்தையும் அது மழுங்கச் செய்திருக்கலாம். அல்லது, ஆக்சிஜனேற்றம் பெரும்பாலும் புகையாகவே இருந்திருக்கலாம். நெருப்பு வேறிடத்தில் இருந்திருக்கலாம்.

இது புதிய பாடமும் அன்று. பச்சைக் காய்கறி மிகுதியாக உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று முன்பே கண்டிருந்தனர். அதனால் பின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரைக் குழுக்களாகப் பிரித்து, சிலருக்குக் காரட்டிலுள்ள பீட்டா கரோட்டினை மாத்திரையாகத் தந்து பார்த்தனர். 1994-இல் முடிவு வந்தபோது உலகமே திகைத்தது. அம்மாத்திரை உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாகக் காணப்பட்டது! காரட்டில் குற்றமில்லை. காரட் வேறு, மாத்திரை வேறு என்பதே பாடம்.

உயிர்களைக் காத்தது எது?

இத்தகைய நேர்மையான சோதனைதான் உண்மையான மருந்தையும் அடையாளம் காட்டியது. இங்கிலாந்தில் 2020 மார்ச்சில் ரெக்கவரி என்ற பெரிய சோதனை தொடங்கியது. நெடுங்காலமாக மருந்துக் கடைகளில் மலிவாகக் கிடைத்துவந்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை, நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாள்வரை கொடுத்துப் பார்த்தனர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களுள் 28 நாள்களுக்குள் இறந்தோர், மருந்து பெறாதவரில் 41.4 சதவீதம், பெற்றவரில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடம் 26.2 சதவீதம் 23.3 ஆகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எவ்விதப் பயனும் காணப்படவில்லை. அவர்களிடம் இறப்பு மருந்து பெற்றவரில் 17.8, பெறாதவரில் 14.0 சதவீதம்.

இந்த எண்களை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஒரே மருந்து, ஒரே நோய். நோய் முற்றியவருக்கு அது உயிர் தந்தது. முற்றாதவருக்கு உதவவில்லை. வெள்ளணுக்களின் சீற்றத்தை, அதாவது நெருப்பையே தணித்ததால்தான் முதல் வகையினருக்குப் பயன் கிடைத்தது. இரண்டாம் வகையினருக்கு அந்த வெள்ளணுக்கள் இன்னும் நண்பர்களாகவே இருந்தன. அளவும் காலமும் அறிந்து கொடுப்பதே மருந்து என்பது இங்கே விளங்குகிறது. மருத்துவரைக் கேளாமல் இம்மருந்தை உட்கொள்வது எத்தகைய தீங்கு என்பதை 2021-இல் நம் நாடு கண்டது. கருப்புப் பூஞ்சை நோய்க்கு ஆளானவர்களுள் பலர் நீரிழிவு உள்ளவர்களாகவும், ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களாகவும் இருந்தனர்.

நமக்குரிய பாடம்

கோவிட் அவசரநிலை முடிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அறிவித்தது. நோய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆனால் அந்த அச்சம் தணிந்துவிட்டது. அச்சம் தணிந்த இவ்வேளையில்தான் அமைதியாகச் சிந்திக்க முடியும்.

குறிகாட்டிகளை ஆராய்ந்தவர்களின் உழைப்பு வீண் என்று யாரும் கருத வேண்டா. நோய் உடலுக்குள் எவ்வாறு பரவுகிறது என்பதையும், யார் அதிக ஆபத்தில் உள்ளார் என்பதையும் அச்சாட்சிகள் காட்டின. எந்த மருந்தைச் சோதிக்கலாம் என்ற எண்ணத்தையும் அவையே தந்தன. சாட்சி சொன்னதைக் கேட்டு, அதையே தீர்ப்பாக எழுதிவிடுவதுதான் தவறு. நீதிமன்றத்தில் சாட்சிக்குப் பிறகு விசாரணை உண்டு. விசாரணைக்குப் பிறகே தீர்ப்பு. அறிவியலிலும் அப்படியே.

அன்புத் தாய்மார்களே, தந்தையரே! நெல்லிக்கனி, கொய்யா, கீரை, நிலக்கடலை, பயறு ஆகியவற்றை வீட்டில் நாள்தோறும் சமைத்தும் பச்சையாகவும் பரிமாறுங்கள். அவை குழந்தைகளின் நலத்துக்கு என்றும் வேண்டியவையே. ஆனால் மூச்சுத் திணறும் நோயாளிக்கு அவை மருந்துக்கு ஈடாகா. வைட்டமின் மாத்திரை கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் மருத்துவமனைக்குப் போவதை ஒரு நாள் தள்ளிப்போட்டால், அந்த ஒரு நாள் திரும்பி வராது. நோய் கடுமையாகாமல் பலரைக் காத்த தடுப்பூசியும், உரிய வேளையில் கிடைத்த ஆக்சிஜனும், உரியவருக்கு உரிய அளவில் தந்த மருந்துமே உயிர்களை மீட்டன.

மாணவியரே, உங்களில் சிலர் நாளை மருத்துவராகலாம்; செவிலியராகலாம்; ஆய்வுக்கூடத்தில் சோதனைக் குழாயைக் கையில் ஏந்தி நிற்கலாம். இல்லத்தரசியாக இருப்பவரும் வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்கத்தான் வேண்டும். "இந்தப் பொருள் இரத்தத்தில் குறைந்துள்ளது, ஆகவே இதை விழுங்கு" என்று யாரேனும் சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அது குறைந்ததால் நோய் வந்ததா, நோயால் அது குறைந்ததா? அதைக் கொடுத்தவரையும் கொடுக்காதவரையும் நேர்மையாக ஒப்பிட்டுப் பார்த்தார்களா? ஒப்பிட்டதில் பிழைத்தவர் எத்தனை பேர்?

பிரீஸ்ட்லி மெழுகுவத்தியைப் பார்த்து மகிழ்ந்ததோடு நின்றுவிடவில்லை; ஐயமும் கொண்டார். கெர்ஷ்மன் அம்மையார் அந்த ஐயத்தை ஆராய்ந்தார். நல்லதென்று தோன்றுவதையும் சோதித்துப் பார்க்கும் துணிவு அவர்களிடம் இருந்தது. படித்த பெண்களாகிய நமக்கும் அந்தத் துணிவு வேண்டும்.